குளுக்கோஸ் பாட்டிலில் உப்பு

மனநல வார்டில் நர்ஸாக இருந்தேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது, "அடிப்பாங்களா?" என்பதுதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா கேட்டிருக்கிறார். எங்கள் சம்பந்தி வீட்டில் கேட்டார்கள். என் ஓய்வூதியப் பேப்பரில் கையெழுத்து வாங்கிய கிளார்க்கும் பேனாவை மூடி வைத்துவிட்டு அதையேதான் கேட்டார். என்னை அடித்தவர்கள் மிகச் சிலர். கேள்வி கேட்டே என்னைக் களைக்க வைத்தவர்கள்தான் ஏராளம்.

போன மாதம் தஞ்சாவூருக்கு ஒரு வேலையாகப் போனவள் பழைய வார்டையும் எட்டிப் பார்த்தேன். சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். வீட்டுக்குப் போன நோயாளிகளிடம் செல்போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். எனக்கு அதுவே பெரிய வேடிக்கையாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "மேடம், சில பேரு கேட்டதையே கேட்டுக்கிட்டு இருக்காங்களே, என்னதான் பதில் சொல்றது? 'இல்லம்மா, ஒண்ணும் ஆகாதும்மா'ன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிக்குது." அவளுக்குக் கமலவேணியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் ரவுண்ட்ஸ் வந்துவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் மல்லிப்பட்டினத்துப் பக்கம் கடற்கரை ஊர்க்காரி. அப்பா கடலுக்குப் போவார், அம்மா மீன் விற்பார். நர்சிங் படித்து முடித்ததும் குழந்தைகள் வார்டு கிடைக்கும் என்று நினைத்தேன். மனநல வார்டு கிடைத்தது. அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கோ போன சில நாளிலேயே அந்த இடம் பிடித்துப்போனது. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று நோண்டுகிற புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதற்குத் தீனி போட அந்த வார்டை விட நல்ல இடம் கிடையாது.

அங்கே ஹெட் சிஸ்டராக இருந்தவர் லூர்துமேரி. உயரமானவர், குரலை உயர்த்தவே மாட்டார். நின்றுகொண்டு எந்த நோயாளியிடமும் அவர் பேசி நான் பார்த்ததில்லை. ஒரு மர ஸ்டூலை இழுத்துப் போட்டு, நோயாளியின் கண்ணும் தன் கண்ணும் ஒரே மட்டத்தில் வந்த பிறகுதான் வாயைத் திறப்பார். முதல் கேள்வி எப்போதும், "என்ன சாப்பிட்டீங்க?" இரண்டாவது, "தூங்கினீங்களா?" நோயைப் பற்றி அதற்கப்புறம்தான் பேச்சு. எங்களுக்கு அவர் போட்ட தடை ஒன்றே ஒன்று. "ஒண்ணும் ஆகாது" என்று எந்த நோயாளியிடமும் சொல்லக் கூடாது.

கமலவேணி முதல் தடவை வந்தபோது அந்த அறையே கலகலத்துப்போனது. ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். முப்பதைத் தாண்டிய வயது. தலை கொள்ளாமல் கனகாம்பரம், இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். வந்ததும் என் கன்னத்தைக் கிள்ளி, "என்ன சிஸ்டர் இப்படி எளச்சுக் கெடக்குறீங்க? நாளைக்கே இந்த ஆஸ்பத்திரிக்கு மொத்தமும் நான் பாயசம் காய்ச்சுறேன்" என்றார். சொல்லிக்கொண்டே பக்கத்துக் கட்டில்காரம்மாவுக்குத் தலை பின்னத் தொடங்கிவிட்டார். தூக்கம் போய்ப் பல நாள் ஆகியிருந்தது.

கூட வந்த கணவர் முருகையன், சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர், ஓரமாக நின்று ஒரு விஷயம் சொன்னார்.

"சிஸ்டர், இதுக்கு முன்னாடி இவளுக்குப் பல்லி வியாதி இருந்துச்சுங்க. சோத்துப் பானையில பல்லி விழுந்திருக்குமோ, சாப்பிடுற புள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிருமோன்னு பானையைத் தொறந்து தொறந்து பாப்பா. பாத்துட்டு எங்களையும் கேப்பா. நல்ல சாம்பாரைக் கூட சாக்கடையில ஊத்தியிருக்கா. இப்ப அந்தப் பயம் சுத்தமாப் போயிருச்சு. நல்லாயிட்டான்னு நெனச்சோம். ஆனா தூக்கமும் சேந்து போயிருச்சுங்க."

எனக்குக் காது விடைத்துக்கொண்டது. ஒருவருக்கு இரண்டு நோய் இருக்கலாம், அது தெரியும். ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்குகிறதே, அது எப்படி? டாக்டர் விளக்கினார். இந்த மனஎழுச்சி நோயில் உற்சாகம் உச்சிக்கு ஏறும்போது சிலருக்குச் சந்தேகமும் பயமும் காணாமல் போகும். எழுச்சி தணிந்ததும் அவை திரும்பி வரும். பயத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரையை இவர்களுக்கு யோசிக்காமல் கொடுத்தால் எழுச்சி மறுபடி கிளம்பிவிடவும் கூடும். பஸ்ஸில் ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் துண்டு போட்ட மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். லூர்துமேரி சிஸ்டர் அவர் பாணியில் சொன்னார்: "கேள்வி நின்னுபோச்சுன்னா உடனே சந்தோஷப்படாதே தமயந்தி. ஏன் நின்னுச்சுன்னு பாரு."

லித்தியம் மாத்திரை தொடங்கினோம். அது கொஞ்சம் கூடினாலும் விஷம், குறைந்தாலும் பயனில்லை. ஆகவே காலை மாத்திரை போடுமுன் ரத்தம் எடுத்து அளவு பார்ப்போம். மாத்திரையை விழுங்கியதும் பேச்சுக் கொடுத்து, நாக்கடியில் ஒளித்திருக்கிறாரா என்று கவனிப்போம். கமலவேணி மெல்ல இறங்கி வந்தார். முதலில் கனகாம்பரம் குறைந்தது, அப்புறம் பேச்சு, அப்புறம் தூக்கம் வந்தது. ஒரு மத்தியானம் தட்டில் சோறு போட்டதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "சிஸ்டர், இதுல பல்லி விழுந்திருக்குமா?"

லூர்துமேரி சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தெரியாதும்மா. நான் பாக்கல."

நான் திகைத்துவிட்டேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் நிம்மதியாகச் சாப்பிடுமே! கமலவேணி மறுபடி கேட்டார். சிஸ்டர், "முன்னாடியே சொல்லிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தார். கமலவேணிக்கு மூச்சு வாங்கியது, கண் கலங்கியது, மேலுதட்டில் வேர்த்தது. சிஸ்டர் எழுந்து போகவில்லை, கையைப் பிடித்து ஆறுதல் சொல்லவும் இல்லை. வெகு நேரம் கழித்துக் கமலவேணி ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைத்தார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன் சிஸ்டர் இல்லைன்னு சொல்லல?"

"நீ இல்லைன்னு சொன்னா கொஞ்ச நேரத்துக்குக் கேக்கும். அப்புறம் அவளுக்கு இன்னொரு 'இல்லை' வேணும். அதுக்கப்புறம் இன்னும் ஒண்ணு. அந்தப் பயம் ஏறும், நிக்கும், தன்னால எறங்கும். அது எறங்குறதை அவளே பாக்கணும். நம்ம வேலை தொணைக்கு உக்காந்திருக்கிறது."

அன்றிலிருந்து அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதே எனக்கு ஒரு பைத்தியமாகிவிட்டது. நான் உட்கார்ந்தபோதும் அது அப்படித்தான் ஏறியது, அப்படித்தான் இறங்கியது. நாள் போகப் போகச் சீக்கிரமே இறங்கியது. கமலவேணி முழுத் தட்டும் சாப்பிடத் தொடங்கினார். வீட்டுக்கு அனுப்பும்போது முருகையனிடம் எல்லாம் சொன்னோம். மாத்திரையை நிறுத்தக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சாப்பாட்டில் உப்பைக் குறைக்கக் கூடாது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர், சொன்னதைச் செய்கிறவர்.

அடுத்து வந்த சித்திரை வெயிலில் கமலவேணியை ஆட்டோவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். கை இரண்டும் உதறின. நிற்க வைத்தால் குடித்தவர் போலத் தள்ளாடினார். நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. வாந்தி வேறு. ஊரில் சாமி வந்திருக்கிறது என்று சொல்லிக் கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். டாக்டர் பார்த்ததுமே லித்தியம் கூடியிருக்கும் என்று ரத்தம் அனுப்பச் சொன்னார். சந்தேகமே இல்லை, கூடித்தான் இருந்தது. ஆனால் கொடுத்த மாத்திரை அதே மாத்திரை, அதே அளவு. ஒன்றையும் கூடுதலாகப் போடவில்லை, ஒரு வேளை கூடத் தவறவில்லை என்று முருகையன் அடித்துச் சொன்னார். பின் எப்படி ஏறியது?

லூர்துமேரி சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து வழக்கம்போலத் தொடங்கினார். "என்ன சாப்பிட்டாங்க?"

"தயிர் சோறுதாங்க" என்றார் முருகையன்.

நான் குறுக்கே புகுந்தேன். கருவாட்டு வாசத்தில் வளர்ந்தவளுக்குத் தயிர் சோறு என்றாலே அடுத்த கேள்வி தானாக வரும். "தொட்டுக்க?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ஊறுகா கூடவா இல்ல?"

"ஊறுகா எப்படிங்க? விரதமாச்சே."

அப்புறம்தான் முழுக்கதையும் வந்தது. பள்ளிக்கூடத்தில் கமலவேணியின் இடத்தில் தற்காலிகமாக வேறொருவரைப் போட்டிருந்தார்கள். உடம்பு தேறியதும் வரலாம் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் தேறிவிட வேண்டும், மறுபடி அந்த அடுப்படியில் நிற்க வேண்டும் என்று கமலவேணி வேண்டிக்கொண்டிருக்கிறார். கும்பகோணத்துப் பக்கம், உப்பில்லாமல் நைவேத்தியம் செய்கிற பெருமாள் கோயிலுக்குப் போய், ஒரு மண்டலம் உப்பில்லாமல் சாப்பிடுவதாக வேண்டுதல். மற்றவர்கள் இப்படி வேண்டிக்கொண்டால் இடையில் ஒரு காராபூந்தி, ஒரு மோர் என்று எங்காவது நழுவும். கமலவேணியிடம் நழுவுமா? தனிப்பானை, தனிக்கரண்டி. பழைய உப்பு ஒட்டியிருக்குமோ என்று பானையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, யாராவது தெரியாமல் போட்டுவிட்டார்களோ என்று வீட்டையே கேள்வி கேட்டு, ஒரு துகள் கூட உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதுவும் அந்த வெயிலில், வேர்த்து ஊற்றிக்கொண்டு.

"உப்பைக் குறைக்கக் கூடாதுன்னு சொன்னோமே அண்ணே" என்றேன்.

முருகையன் என்னை அப்பாவியாகப் பார்த்தார். "அது சாப்பாட்டுக்குச் சொன்னீங்க. இது சாமிக்குங்க."

எனக்குக் கோபமே வரவில்லை. அவர் மனதில் இரண்டும் வேறு வேறு கணக்கு. நாங்கள் சொன்னதை அவர் மீறவே இல்லை என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். லித்தியமும் ஒரு வகை உப்புதான். உடம்பில் சமையல் உப்பு குறைந்தால் சிறுநீரகம் உப்பென்று எண்ணி லித்தியத்தையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அளவு மாறாத மாத்திரை அப்படித்தான் விஷமானது.

டாக்டர் லித்தியத்தை நிறுத்தினார். உப்புத் தண்ணீர் ஏற்றி அதைச் சிறுநீரில் வெளியே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் டயாலிசிஸ், அதற்கும் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று முருகையனிடம் ஒளிக்காமல் சொன்னார். ஊசி ஏறியது. நரம்பு கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. பாட்டிலைத் தொங்கவிட்டு நான் சொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கமலவேணி கண்ணைத் திறந்தார். நாக்கு குழறினாலும் கேள்வி தெளிவாக இருந்தது.

"சிஸ்டர், இந்தத் தண்ணியில உப்பு இருக்கா?"

முருகையன் பாட்டிலுக்குப் பின்னாலிருந்து எனக்குக் கும்பிடு போட்டார். "குளுக்கோஸ்னு சொல்லிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று வாயசைத்தார்.

எங்கள் ஊர்ப்பக்கம் எந்தப் பாட்டில் ஏற்றினாலும் அதற்குப் பெயர் குளுக்கோஸ்தான். நான் அப்படிச் சொன்னால் அது பொய் என்றுகூட யாரும் சொல்ல மாட்டார்கள். லூர்துமேரி சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் ஊசியைப் பிடுங்கி எறியலாம். பொய் சொல்லி நாளைக்குத் தெரிந்தால், அப்புறம் எங்கள் கையால் தருகிற ஒரு மாத்திரையைக் கூட நம்ப மாட்டார். உட்கார்ந்தேன்.

"இருக்கும்மா. உப்புத் தண்ணிதான். ஒங்க ஒடம்புல உப்பில்லாமதான் மாத்திரை உள்ளயே தங்கி விஷமாயிருச்சு. இது உள்ள போனாத்தான் அது வெளியேறும்."

முருகையன் தலையில் அடித்துக்கொண்டார். கமலவேணியின் இடது கை உதறிக்கொண்டே ஊசியை நோக்கி வந்தது. "விரதம் முறிஞ்சா பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிரும் சிஸ்டர். எடுத்துருங்க. கால்ல விழறேன், எடுத்துருங்க."

"கையைக் கட்டிருங்க சிஸ்டர்" என்று அழுதார் முருகையன். "இல்லைன்னா நான் ஓடிப்போயி கோயில் பட்டரைக் கூட்டியாரேன். விரதம் முடிஞ்சுபோச்சுன்னு அவரு வாயால சொல்லட்டும்."

லூர்துமேரி சிஸ்டர் தலையசைத்து மறுத்தார். "பட்டர் சொன்னா இன்னைக்கு அடங்கும். நாளைக்கு, பட்டர் சரியாத்தான் சொன்னாரான்னு கேப்பாங்க. நீங்க இப்படி உக்காருங்கய்யா." பிறகு கமலவேணியின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். பிடிக்கவில்லை, பக்கத்தில்தான் வைத்தார்.

"எடுக்கணும்னு இருக்கா?"

"ஆமா."

"கொஞ்ச நேரம் எடுக்காம இருக்க முடியுமா?"

"முடியாது சிஸ்டர்."

"இந்தச் சொட்டு விழற வரைக்கும்?"

கமலவேணி பாட்டிலுக்குக் கீழே இருந்த கண்ணாடிக் குழலைப் பார்த்தார். சொட்டு விழுந்தது. "இன்னும் ஒண்ணு?" என்றார் சிஸ்டர். அதுவும் விழுந்தது. "புள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிருமா?" என்று கமலவேணி கேட்டார். "தெரியாதும்மா. நான் இங்கதான் இருக்கேன்." இன்னொரு சொட்டு. டாக்டர் கதவருகே நின்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்று சைகை காட்டி அங்கேயே இருந்தார். கமலவேணி அழுதார், திட்டினார், எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல கதி வராது என்று சாபம் கொடுத்தார். ஊசியை மட்டும் தொடவில்லை. கை அதன் மேலேயே நின்றது. எப்போது அது படுக்கையில் இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது பாட்டிலில் பாதி தீர்ந்திருந்தது.

சாயங்காலத்துக்குள் சிறுநீர்ப் பை நிறையத் தொடங்கியது. அதைப் பார்த்து நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டோம். இதற்கெல்லாம் சந்தோஷப்படுகிற உத்தியோகம் எங்களுடையதாகத்தான் இருக்கும். லித்தியமே ஒரு உப்பு என்பதைக் கமலவேணி கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நல்லவேளை.

உதறல் நின்றது, நடை நேரானது. ஆனால் எனக்குள் வேறொரு குடைச்சல் தொடங்கியது. லித்தியத்தை நிறுத்தியிருக்கிறோம். பழைய எழுச்சி எந்த நேரமும் கிளம்பலாம். டாக்டர் வேறு மாத்திரை கொடுத்துவிட்டு, கவனமாகப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார். சில நாள் உப்புப் போட்ட கஞ்சியைக் கமலவேணி அழுதுகொண்டே குடித்தார். ஒருநாள் காலையில் கேள்வியே கேட்கவில்லை. முகம் தெளிவாக இருந்தது. மற்ற நர்ஸ்கள் மகிழ்ந்துபோனார்கள். என்னால் மகிழ முடியவில்லை. பயம் தேய்ந்துபோய் நின்றிருக்கிறதா, இல்லை எழுச்சி வந்து பயத்தை மூடிவிட்டதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

மத்தியானம் சாம்பார் சோறு வந்தது. ஒரு வாய் வைத்ததும் கமலவேணி தட்டைக் கீழே வைத்தார். குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"இதை யாரு சமைச்சது? உப்பே இல்ல. எங்க பள்ளிக்கூடத்துல இப்படிப் போட்டா புள்ளைங்க தட்டோட எந்திரிச்சுப் போயிரும்!"

வார்டே சிரித்தது. எனக்குப் பகீர் என்றது. வளையலைப் பார்த்தேன், புதிதாக எதுவும் இல்லை. பேச்சின் வேகத்தைக் கவனித்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "தூங்கினீங்களா?" என்றேன். "நல்லாத் தூங்கினேன். ஏன் சிஸ்டர்?" என்றார். சும்மாதான் என்று சொல்லிவிட்டு, எங்கள் அறையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் ஒரு சிட்டிகை எடுத்தார். கை தட்டுக்கு மேலே போய் நின்றுவிட்டது. மேலுதட்டில் வேர்த்தது. என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், நானே என் கையால போட்டுக்கிட்டா ஏதாவது ஆயிருமா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. எழுச்சி வந்திருந்தால் இந்தப் பயம் இருந்திருக்காது. இது எங்கள் பழைய கமலவேணிதான், பயந்துகொண்டே உப்பைத் தொட்ட கமலவேணி.

"தெரியாதும்மா" என்றேன்.

"அப்படித்தான் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றவர், உப்பைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. தட்டு காலியாகும் வரை நான் எழுந்திருக்கவில்லை.

டாக்டர் பிறகு குறைந்த அளவில் லித்தியத்தை மறுபடி தொடங்கினார். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது கமலவேணி அடுப்பைப் பற்ற வைத்தார். ஒவ்வொரு தடவை ரத்தம் கொடுக்க வரும்போதும் நான் அவரிடம் பல்லியைப் பற்றி விசாரிப்பேன். "அது வரும் சிஸ்டர். ஒரு தடவை பாப்பேன். மறுபடி பாக்கச் சொல்லும். சொல்லட்டும்னு புள்ளைங்களுக்குப் பரிமாறப் போயிருவேன்" என்றார்.